வாசலுக்கும் படிக்கும் நடுவே

1.

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது. பல் வைத்தியர் வாசலில் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் போனில் கத்தினாள்: "வாசப்படிக்கும் வீட்டுக்கும் நடுவுல கை நுழையுதுடி! நீ சொல்லித்தானே இங்க வந்தோம்?"

அவ்வளவுதான் கேட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. (ஒட்டுக்கேட்பது தப்புதான். அதற்கு வெட்கப்பட்டால் எழுதுகிறவன் பட்டினி.)

2.

முதல் தொடக்கம்: 'சதுப்பு நிலம் பெருமூச்சு விட்டு, தன் ஆழத்தில்...'

வேண்டாம். மண் பெருமூச்சு விடாது. நேராகவே சொல்கிறேன்.

போனின் மறுமுனையில் இருந்தவள் தங்கை, கட்டடப் பொறியாளர். கேட்ட உடனே அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். இலைதழை மக்கி ஆழமாகக் கிடக்கும் நிலம் அது. பாரம் வைத்தால் அமுங்கும். அதனால்தான் அடியிலிருக்கும் கெட்டி மணல்வரை பைல் எனும் கான்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றின் மேல் வீட்டை நிறுத்தினாள். "கண்ண மூடிட்டு வாங்கு" என்று அக்காவிடம் சொன்னவளும் அவளேதான். வீடு இறங்கியிருந்தால் அக்கா குடும்பம் நடுத்தெருவில்.

3.

(இங்கே ஒரு வில்லன் வேண்டுமென்று சிமெண்டு திருடும் மேஸ்திரியைக் கொண்டுவந்தேன். மீசைகூட வைத்தாயிற்று. பிறகு அடித்துவிட்டேன். பாவம், ஒழுங்காக வேலை செய்த மனுஷன்.)

தங்கை மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தி, சுற்றுச்சுவரில் வீடு முடிந்த அன்று தானே போட்ட சிவப்புக் குறியிலிருந்து வீட்டின் உயரத்தை அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"ரொம்ப இறங்கிடுச்சா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. ஏறியிருக்கு."

"வெளையாடுறியா? வீடு என்ன பிசைஞ்ச மாவா, உப்புறதுக்கு?"

அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது. சுற்றுச்சுவருக்கு அடியில் பைல் இல்லை. படிக்கும் இல்லை. இரண்டும் மண்ணோடு சேர்ந்து இறங்கியிருக்கின்றன. சிவப்புக் குறியும் கூடவே போயிருக்கிறது. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து மரம் ஓடுகிறது என்றிருக்கிறாள். இறங்குகிற சுவரில் குறி போட்ட தன் புத்தியை நொந்துகொண்டாள்.

தெருமுனைப் பாலத்தின் தூண்கள் கெட்டி மணலில் நிற்பவை. நல்லவேளை, வீடு முடிந்தபோது அங்கிருந்தும் ஓர் அளவு எடுத்திருந்தாள். இப்போது பார்த்தால் அதே அளவு. வீடு மயிரிழைகூட அசையவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"வீடு காலூனி நிக்குதுக்கா. சுத்தி இருக்கற மண்ணுதான் உக்காருது. நடுவுல இன்னொரு படி கட்டிக்கலாம். தண்ணிக் குழாய மட்டும் வளையற மாதிரி மாத்தணும்."

4.

முடிவு ஒன்று: அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (கொஞ்சம் ஓவர்.)

முடிவு இரண்டு: அக்கா நம்பாமல் வீட்டைக் காலி செய்கிறாள். எழுதிப் பார்த்தேன், மனசு வரவில்லை.

முடிவு மூன்று: வீட்டைக் காலி செய்யக் கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே நின்று அக்கா கேட்கிறாள். "இவ்வளவு சொல்றியே, உன் கொழந்தையோட இன்னைக்கு இங்க தூங்குவியா?"

தங்கை தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "பாப்பாவோட தலகாணிய எடுத்துட்டு அக்கா வீட்டுக்கு வந்துடுங்க."

அக்கா அதற்கு என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, அவள் குனிந்து முதல் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.