நீலப் பொத்தான்

துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் போனைப் பிடித்தால் போதும். உள்ளே எது கெட்டிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும். அப்படி ஒரு ஆப்பை அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்திருந்தார்கள். அண்ணன் மெஷின் மெக்கானிக். வீடு வீடாகப் போய், கடகடக்கும் மெஷின், கீச்சிடும் மெஷின் எல்லாவற்றையும் பதிவு செய்து வந்தது அவன். அதற்கு மூளை வைத்தது தங்கை.

ஆப் ஓகோவென்று ஓடியபோதுதான் அண்ணனுடைய நல்ல மனசு குறுக்கே வந்தது. தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல், ஆப்பின் முதல் பக்கத்தில் 'எங்கள் வெப்சைட்டில் வாங்கினால் இதைவிட மலிவு' என்று எழுதிவிட்டான். போன் கம்பெனியின் ஆப் ஸ்டோரில் உட்கார்ந்துகொண்டு வேறு இடத்தில் மலிவு என்று மூச்சு விடக் கூடாது. அது அவர்கள் விதி. மறுநாளே ஆப்பைத் தூக்கிவிட்டார்கள்.

"உண்மையத்தானே எழுதினேன் பாப்பா?"

"உண்மைதாண்ணா. அதுதான் வினை."

அதற்குப் பிறகு வெப்சைட்டிலிருந்து நேராக இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆட்கள் ஆசையாய் வந்தார்கள். பாதி வழியில் தலைதெறிக்க ஓடினார்கள். போனே அவர்களை மிரட்டி விரட்டியது. இதற்கெல்லாம் முடிவு கட்ட ஒரு மசோதா வந்திருந்தது. வெளியிலிருந்து ஆப் இறக்குவதைத் தடுக்கக் கூடாது, ஆபத்தில்லாத ஆப்புக்குப் பூச்சாண்டி காட்டக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. அந்தப் பிரிவு இருக்குமா போகுமா என்று மசோதாவை ஆராயும் குழு இன்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறது. போனால் ஆப்பை இழுத்து மூட வேண்டியதுதான்.

தங்கைக்குப் பயம் என்ற பேச்சே இல்லை. மாமியார் வீட்டுக்கே தட்டாமல் நுழைகிற ரகம். "நான் பேசிக்கறேன், நீ வாயத் திறக்காத" என்று அண்ணனை மட்டும் எச்சரித்துவிட்டுக் கூட்ட அறையில் முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

போன் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, பேச்சிலும் இல்லை.

"நாங்க யாரையும் தடுக்கலங்க. வேணும்னா யாரும் இறக்கிக்கலாம். நாலு தட்டு தட்டினா முடிஞ்சது. இவங்க ஆப்ப யாரும் சீண்டலன்னா அதுக்கு நாங்க என்ன பண்றது?"

தங்கைக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரித்தாள்.

"நாலு தட்டுதானே சார்? உங்க போன்லயே தட்டிக் காட்டுங்களேன்."

வக்கீல் தயங்கவே இல்லை. அதுதான் அவர் செய்த தப்பு. போனை எடுத்து, அவர்கள் வெப்சைட்டில் ஆப்பைத் தட்டினார். குழுத் தலைவியான அம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "வர்றத வாய்விட்டுப் படிங்க" என்றார்.

"'இந்த ஆப் தெரியாத இடத்திலிருந்து வருகிறது.' தொடரலாம்." தட்டினார். "'செட்டிங்ஸ் போய் அனுமதி கொடுக்கவும்.'" செட்டிங்ஸில் சற்று நேரம் தேடினார். அறையில் யாரோ இருமினார்கள். "ஆங், இதோ. 'உங்கள் படங்கள், வங்கி விவரங்கள் திருடு போகலாம். நடக்கும் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு.'"

அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள். பெரிதாய், நீலமாய், 'பாதுகாப்பாக வெளியேறு'. மூலையில் எறும்பு அளவுக்கு, 'பரவாயில்லை'. வக்கீலின் கட்டைவிரல் காற்றில் நின்றது. தங்கை அந்த விரலையே பார்த்தாள். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் படம் அந்தப் போனில் இருக்கும், சம்பளம் வந்து விழும் கணக்கும் இருக்கும்.

விரல் நீலத்தில் இறங்கியது.

"என்னாச்சு சார்?" என்றார் தலைவி.

"வெளிய வந்துட்டேன் மேடம்."

"ஏன்? இந்தப் பொண்ணு திருடின்னு நினைக்கிறீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"பின்ன?"

வக்கீல் போனை ஒருமுறை பார்த்தார். பொய் சொல்லத் தெரிந்தவர்தான், ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை.

"பயமா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. தங்கைக்கு அவர் மேல் பரிதாபமே வந்தது. தங்களை விட்டு ஓடிப்போன ஒவ்வொரு ஆளும் இப்படித்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருப்பார்.

"திருட்டு ஆப்புக்கு எச்சரிக்கை போடுங்க, வேண்டாங்கல" என்றார் தலைவி. "சோதிச்சுப் பார்த்த நல்ல ஆப்புக்கும் இதே பூச்சாண்டின்னா, அதைப் போட்ட கம்பெனியோட வக்கீலே ஓடுறீங்களே, ஊர்ல மத்தவங்க என்ன செய்வாங்க? பிரிவு இருக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஒன்று, இரண்டு, பிறகு மளமளவென்று. எண்ணிக்கொண்டே வந்த செயலர் முன் வரிசையில் வந்து நின்றுவிட்டார். அண்ணனும் கையைத் தூக்கியிருந்தான்.

"சார், உங்களுக்கு ஓட்டு இல்ல. கைய இறக்குங்க."

"தெரியுங்க" என்றான் அண்ணன், இறக்காமல். "நீங்க எண்ணாம போங்க."

தங்கை அவனை அடக்கவில்லை. தானும் கையைத் தூக்கினாள்.