ஐந்தாவது கியர்

சேஷு ஆறு மணிக்கு எழுந்தான். கதவுக்கு வெளியே கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். ஃபில்டரில் முதல் நாள் டிகாக்‌ஷன் மிச்சம் இருந்தது. அதிலேயே காபி கலந்து, அடுப்படியில் நின்றபடி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். துண்டைப் பால்கனிக் கொடியில் போட்டான். ஜூலை மாதத்தில் சிஞ்ச்வட்டில் எந்தத் துண்டும் காயாது. இருந்தாலும் போட்டான்.

தொலைபேசி அடித்தது. லோஹேகாவிலிருந்து மாமியார் ருக்மிணி.

"மாப்பிள்ளே, விச்சு வந்துட்டானா?"

"இன்னும் இல்லைம்மா."

"அந்தக் காரை எடுத்துண்டு கிளம்பியிருக்கான். கியர்ல என்னமோ மாத்தணுமாம், நீங்க மாத்தித் தரேன்னு சொல்லியிருக்கேளாம். மாத்தினா இன்னும் வேகமா போகுமா?"

"கார் வேகம் அதேதாம்மா. கியர் மட்டும் சீக்கிரம் விழும்."

"சீக்கிரம்னா வேகம்தானே?"

பிம்ப்ரியில் கியர்பாக்ஸ் வடிவமைப்பதுதான் சேஷுவின் வேலை. அங்கே யாரும் இப்படிக் கேட்டதில்லை.

ருக்மிணிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் வைஷு, சேஷுவின் மனைவி. போன வருஷ மழையில் ஸ்கூட்டரில் பாங்குக்குக் கிளம்பினாள்; வழியில் ஒரு டேங்கர் லாரி. இப்போது விச்சு ஒருவன்தான்.

"எனக்கு இன்னும் ஒண்ணுதான் மிச்சம்" என்றாள் ருக்மிணி. அழவில்லை. கடையில் என்ன வாங்கவேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். "நீங்க இன்ஜினியர். ஏதாவது பண்ணி, அது ரொம்ப வேகம் போகாதபடி பண்ணிடுங்கோ. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"அப்படியெல்லாம் பண்ணக்கூடாதும்மா."

"பண்ண முடியாதா, பண்ணக்கூடாதா?"

கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

விச்சு வருவதற்கு முன் அவன் காரின் சத்தம் வந்தது. வெளிநாட்டில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். கராடி ஆபீசில் அவனுடைய மேனேஜர் அமெரிக்கா போகும்போது விற்றுவிட்டுப் போனது. விச்சு அதிலிருந்து கையை ஊன்றி எழுந்து வந்தான்.

"அத்திம்பேர்! கியர் கிட் வந்தாச்சு. ஏக்தம் ஒரிஜினல்." அட்டைப்பெட்டியை நீட்டியவன் சேஷுவின் முகத்தைப் பார்த்தான். "அம்மா போன் பண்ணாளா?"

"இல்லையே."

"பொய். அவ மூஞ்சி அப்படியே உங்க மூஞ்சில ஒட்டிண்டிருக்கு."

கட்டடத்தின் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். சேஷு கியர் தண்டின் குமிழைத் திருகி எடுத்தான். தோல் உறையைக் கழற்றினான். பழைய தண்டு நீளம். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குத் தள்ள ஒரு சாண் கை போகவேண்டும். புதியதில் தண்டு அசைகிற மூட்டு மேலே ஏறியிருந்தது. நாலு விரற்கடை அசைத்தால் போதும்.

"இது இருந்தா பாம்பேவுக்குப் பறந்துடலாம்" என்றான் விச்சு.

"போய்?"

"போய்ட்டுத் திரும்பிப் பறக்கறது. வேற என்ன? சரி, பசிக்கறது. வடா பாவ் வாங்கிண்டு வரேன். உங்களுக்கு மிளகாய் வேணுமா? வேண்டாம், நீங்க பயப்படுவேள்."

அவன் தெருமுனை திரும்பும்வரை சேஷு பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புதிய தண்டைப் பூட்டிவிட்டு டூல் பெட்டியைக் கிளறினான். ஒரு இரும்புத் துண்டு கிடந்தது. தண்டு வலப்பக்கம் சாய்கிற இடத்தில் அதை வைத்து போல்ட்டை முடுக்கினான். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அப்படிப் பொருந்தியதே அவனுக்குக் கலக்கமாக இருந்தது.

இந்தக் காரில் ஒன்றும் இரண்டும் இடப்பக்கம். மூன்றும் நாலும் நடுவில். ஐந்து மட்டும் வலப்பக்கம், மேலே. ரிவர்ஸ் இடது கோடியில் தனியாக. வலப்பக்கத்தை அடைத்தால் ஐந்து விழாது. நாலோடு நின்றுவிடும். விச்சு வந்து போட்டுப் பார்ப்பான், விழவில்லை என்பான், கிட் சரியில்லை என்று சொல்லிவிடலாம். கொஞ்ச நாள் போகும். அவ்வளவுதான் சேஷு யோசித்தது. தோல் உறையை மாட்டிக் குமிழைத் திருகினான்.

விச்சு தன் வடா பாவைத் தின்றபடியே வந்தான். எண்ணெய்ப் பொட்டலத்தைச் சேஷுவின் கையில் திணித்துவிட்டு சீட்டில் சரிந்தான். என்ஜினை முடுக்காமலே கியர் போட்டுப் பார்த்தான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. ஆஹா, வெண்ணெய்!" நாலிலிருந்து மேலே தள்ளினான். 'டக்' என்று விழுந்தது. "அஞ்சு!"

அது மூன்று.

இதைச் சேஷு நினைத்துப் பார்க்கவில்லை. வலப்பக்கம் போக வழியில்லாத தண்டு நேராக மேலே போகும். மேலே இருப்பது மூன்று. நீளத் தண்டாக இருந்தால் கைக்கே தெரிந்திருக்கும். இதில் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இல்லை. நின்ற காரில் பாதகமில்லை. நூறில் ஓடுகிற காரில் மூன்று விழுந்தால் பின்சக்கரம் இரண்டையும் யாரோ பிடித்து இழுத்ததுபோல் ஆகிவிடும். அதுவும் ஈரத் தார்ச்சாலையில்.

"விச்சு" என்றான்.

"என்ன?"

"பெல்ட் போட்டுக்கோ."

"போட்டாச்சு. ஏறுங்கோ. நீங்க பூட்டினதை நீங்களே பாக்க வேண்டாமா?"

சேஷு ஏறினான். தான் இல்லாமல் விச்சு மட்டும் போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நிக்டி சிக்னலில் சொல்லிவிடலாம் என்று இருந்தான். சிக்னல் பச்சையாக இருந்தது. தேஹு ரோடு வரட்டும் என்றிருந்தான். அங்கே விச்சு அலுவலகத்தில் நடந்த ஏதோ ஒரு சண்டையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நிஜத்தில் சேஷுவைத் தடுத்தது சிக்னலும் இல்லை, சிரிப்பும் இல்லை. சொன்னால் விச்சு அந்த இடத்திலேயே இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஐந்தில் பறப்பான். சொல்லாவிட்டால் மூன்றில் விழுவான். இரண்டு பக்கமும் ருக்மிணி நின்றுகொண்டிருந்தாள்.

எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினார்கள். தூறல் போட ஆரம்பித்தது. வைப்பர் கிறீச்சிட்டது.

"நாலுலேயே போயேன்" என்றான் சேஷு.

"நாலுலயா? ஏன், மாட்டு வண்டிக்கு வழி விடணுமா?"

"மழை பெய்யறது."

"இது மழையா? அத்திம்பேர், உங்களை உட்கார வெச்சுண்டு ஓட்டறது பிரின்சிபாலைக் கூட்டிண்டு சினிமாவுக்குப் போற மாதிரி இருக்கு."

முள் நூறைத் தாண்டியது. இடப்பக்கம் ஒரு சரக்கு லாரியைக் கடந்தார்கள். அதன் சக்கரம் வாரியடித்த தண்ணீர் கண்ணாடியை மூடித் திறந்தது. சேஷு இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தான். சொல்லவேண்டியது கொஞ்சம்தான். 'அது அஞ்சு இல்லை' என்று மூன்று வார்த்தை.

விச்சுவின் இடது கை குமிழுக்குப் போனது. கிளட்ச் அழுந்தியது. 'டக்.'

"விச்சு, விடாதே—"

விச்சு கிளட்சை விட்டுவிட்டான்.

என்ஜின் கதறியது. காரின் பின்பக்கம் தனியாகக் கழன்று போவதுபோல் விலகியது. வானம், தடுப்புச் சுவர், வானம். சற்றுமுன் கடந்த லாரி இப்போது நேர் எதிரில் வந்துகொண்டிருந்தது. அதன் ஹாரன் நிற்கவே இல்லை. விச்சு எதையோ மிதித்தான், எதையோ திருப்பினான். லாரி உரசாமல் போய்விட்டது. காற்று மட்டும் காரை ஒரு குலுக்குக் குலுக்கியது. சாலையோரத்து மண்ணில், வந்த திசையைப் பார்த்தபடி கார் நின்றிருந்தது.

ரப்பர் கருகிய நாற்றம். இருவரும் இறங்கினார்கள். விச்சு தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வடா பாவை வாந்தியெடுத்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இருபத்திரண்டு வயது முகம் பன்னிரண்டாகத் தெரிந்தது.

"அஞ்சுதானே போட்டேன்? சத்தியமா அஞ்சுதான் போட்டேன்."

"அஞ்சு விழாது. வலப்பக்கம் அடைச்சு வெச்சிருக்கேன்."

விச்சு காரைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்களா?"

"நான்தான்."

"அம்மா சொன்னாளா?"

"சொன்னா. பண்ணினது நான். நீ நாலோட நின்னுடுவேன்னு நினைச்சேன். மூணுல விழும்னு கிளம்பறச்சே தெரிஞ்சுடுத்து. அப்பவும் சொல்லலை."

"பாகல் ஆயிட்டேளா நீங்க? பைத்தியமா?" விச்சு எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான். "செத்திருப்போம். ரெண்டு பேரும். நான் என்ன குழந்தையா? எதுக்கு எல்லாரும் என்னைப் பிடிச்சுப் பிடிச்சு வெச்சுக்கறேள்?"

சேஷு நனைந்துகொண்டு நின்றான்.

"அக்கா சொன்னதுக்காகவா?" விச்சுவின் குரல் இறங்கியது. "அவ கடைசியா உங்ககிட்ட, விச்சுவைப் பத்திரமா பாத்துக்கோன்னு சொன்னாளாமே. அம்மா வர்றவா போறவாகிட்டல்லாம் சொல்லிண்டிருக்கா."

"அது நான் சொன்னது" என்றான் சேஷு. "பத்தாம் நாள் உங்கம்மா கேட்டா. ஏதாவது சொல்லணுமே. வைஷு அப்படிச் சொல்லலை."

"பின்னே என்னதான் சொன்னா?"

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றுதான் சேஷு இருந்தான். வைஷு கடைசியாகக் கிளம்பிய அன்று காலையும் தூறல். அவளோடு கேட்வரை போய், பஸ்ஸில் போயேன் என்று சொன்னான். சொல்லிவிட்டு உள்ளே போகாமல் நின்றான். ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அவள் ஹெல்மெட் பட்டையை மாட்டினாள், அது மாட்டவில்லை. மறுபடி மாட்டினாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"நீ உள்ளே போ, சேஷு. இப்படிப் பாத்துண்டே நின்னா எனக்குக் கை நடுங்கறது."