அக்காவுக்கு ஒரு கோடு

ஒன்பது நாடுகளில் கிளை வைத்திருந்த கம்பெனியில், எந்த நாட்டில் எத்தனை மணி நேர வேலை, எத்தனை நாள் லீவு என்பதெல்லாம் அட்டவணையாருக்கு மனப்பாடம். சொந்தக் கல்யாண நாள்தான் மறந்துபோகும். ஒன்பது நாட்டு விதிகளையும் ஒரே தாளில் அடக்கியதற்கு ஆபீஸ் சூட்டிய பட்டம்தான் 'அட்டவணையார்'.

போன வருடம் துக்க விடுப்புப் பகுதியை நிரப்பும்போது, 'உடன்பிறந்தோர்' வரிசையில் எட்டு நாடுகளுக்கு எண் கிடைத்தது. ஓரிடத்தில் மூன்று நாள், ஓரிடத்தில் ஐந்து. சொந்த நாட்டுக்கு மட்டும் பழைய சுற்றறிக்கையில் தெளிவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். சாப்பாட்டு மணி அடித்தது. அதோடு சரி. தலைமை அலுவலகம் அந்தத் தாளையே விதியாக்கியது. கோடு என்றால் கிடையாது என்று அர்த்தமாம்.

இன்று காலை பத்து மணிக்கு மாமா போன் செய்தார். "உங்க அக்கா போயிட்டா மாப்ள. மூணு மணிக்கு எடுத்துருவோம். சீக்கிரம் வந்துரு."

பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

மேனேஜர் எழுந்து நின்று வருத்தப்பட்டார். பிறகு உட்கார்ந்து அட்டவணையைத் திறந்தார்.

"கோடு போட்டிருக்கே சார்?"

"நான் போட்டதுதான் சார்."

"சொந்த லீவு?"

"பையன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே தீந்துபோச்சு. நான் சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டா?"

"வேலைய விட்டுட்டதா அர்த்தம். அதையும் நீங்கதான் டைப் அடிச்சீங்க."

அட்டவணையார் படிவத்தை வாங்கி, உறவு என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதி நீட்டினார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கம்மா இறந்தப்ப நான்தானே சார் கையெழுத்துப் போட்டேன்?"

"அவங்க பெத்தவங்க. ஆலையில ரெண்டு ஷிஃப்ட் பாத்தாங்க. எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, ஸ்கூல்ல கொண்டுவிட்டது இவ. அப்ப இவளுக்கே பத்து வயசு சார்."

மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அது வேறு நாடு. ஆபீஸ் திறக்க இன்னும் நாலு மணி நேரம். அந்த நேர வித்தியாசமும் அட்டவணையாருக்கு மனப்பாடம்.

இரண்டரைக்குப் பதில் வந்தது.

"ஒத்துக்கிட்டாங்க சார்! மூணு நாள். இனிமே எல்லாருக்குமே. அந்தக் கட்டத்தை மட்டும் திருத்திட்டுக் கெளம்புங்க."

அட்டவணையார் கோட்டை அழித்துவிட்டு 3 என்று அடித்தார். இனி இந்த ஆபீஸில் யாருடைய அக்கா போனாலும் மூன்று நாள். அவருக்கு இருந்தது ஒரே அக்கா.

போன் அடித்தது.

"எங்க மாப்ள வந்துட்டிருக்கே? தூக்கப்போறோம்பா."

"பக்கத்துல வந்துட்டேன் மாமா," என்றார், நாற்காலியைவிட்டு எழாமலே.