துருவின் மேல் வார்னிஷ்

நகரியில் விசைத்தறி ரிப்பேர் பார்க்கும் கன்னையாவுக்கு யாரும் வரையக் கற்றுக்கொடுக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தவர். ஆனால் கையில் எது சிக்கினாலும் அதை வேறொன்றாக்கிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சித்தூர்ப் பக்கம் கல் அறுக்கும் பட்டறைச் சேற்றைக் குழைத்துச் சாக்கில் பூசினார். மாம்பழக் கூழ் ஆலை கொட்டிய கொட்டைகளில் நாரைச் சீவித் தகரத்தில் ஒட்டினார். எதைச் செய்தாலும் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரி. அதை மொட்டைமாடிச் சுவரில் அடித்து, ஒரு மழையும் ஒரு வெயிலும் பட விட்டு, பின்பக்கம் தேதியோடு முடிவை எழுதுவார். ‘எறும்பு தின்றது.’ ‘வெடித்தது, நன்று.’ வார்னிஷ் பூசிய கஞ்சித் துணியின் பின்னால் ஒரே சொல்: ‘செத்தது.’

பத்தொன்பது வருஷமாக இதையெல்லாம் பார்த்தது துணி காயப்போட வருகிறவர்கள்தான். “இன்னா கன்னையா, இந்த வருஷம் செவுத்துக்கு இன்னா சீக்கு?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

திருப்பதியில் புதிதாகத் திறக்கவிருந்த ஹோட்டலுக்குத் திரைத்துணி எடுக்க நகரிக்கு வந்த மேனேஜர் சுதீர், அந்த மொட்டைமாடியில் காய்ந்த சாயத் துணியைப் பார்க்க ஏறியவர், முதல் ஆளாக நின்று பார்த்தார். எட்டடிப் பலகை. கழிவு நூலைக் கஞ்சியில் தோய்த்துப் படியவைத்து, அடியில் தேய்ந்த தறி இரும்புகளைப் புதைத்திருந்தார் கன்னையா. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் துரு நூல்வழியே மேலே கசியும். போன மாதம் இல்லாத கோடு இந்த மாதம் இருக்கும்.

“எங்க போவும்னு எனக்கே தெரியாது சார். நான் பாதி, அது பாதி.”

“பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு! ரிசப்ஷன்லயே மாட்டிடலாம்,” என்றார் சுதீர்.

திறப்பு நாள் காலையில் கன்னையாவும் மனைவி யசோதாவும் பலகையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாட்டி முடித்ததும் சுதீர் விரலால் தடவினார். விரல் சிவந்தது.

“கன்னையா காரு, ஓனர் போட்டோ பாத்தாரு. கறை மாதிரி இருக்குதாம். கெஸ்ட் வெள்ளைச் சட்டையில ஒட்டினா யாரு பதில் சொல்றது? ஒரு கோட் வார்னிஷ் அடிச்சிடலாம். இல்லன்னா எறக்கிடணும்.”

“அடிச்சா நின்னுபூடும் சார்.”

“நிக்கணும்னுதானே அடிக்கச் சொல்றேன்!”

யசோதா கணவனின் கையைப் பிடித்தாள். “எடுத்துக்கினு போலாம் வாய்யா. டெம்போ வாசல்லதான் நிக்குது.”

“போயி? மறுபடி ஜட்டி காயற கொடி பக்கத்துல மாட்டவா?”

“அங்க உசுரோடவாச்சும் இருக்கும்.”

யாராவது ஒருவர், முன்பின் தெரியாத ஒருவர், நின்று பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பத்தொன்பது வருஷம் காத்த மனுஷன். பெயின்டர் டப்பாவோடு ஏணியில் கால் வைத்தபோது, “எறங்குப்பா, வேற கை படக்கூடாது” என்று பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு தானே ஏறினார்.

கஞ்சி வார்னிஷை உறிஞ்சியது. வெள்ளை போனது. நூல்களின் நடுவே ஓடிய சிவப்பு, கருப்பு, இளமஞ்சள் எல்லாம் டீத்தண்ணி நிறத்தில் ஒன்றாகின. ஓரத்தில் ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது. அதன்முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதையும் பூசினார்.

மதியத்துக்குள் கூட்டம் வந்தது. பழைய தேக்கு மாதிரியே இருக்கிறது என்றார்கள். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். சுதீருக்குத் தலைகால் புரியவில்லை.

“தகட்டுல பேரு எப்படிப் போடணும் கன்னையா காரு?”

“டப்பா மேல கம்பெனி பேரு இருக்குதே, அதையே போட்டுக்கங்க.”

சுதீர் விழுந்து விழுந்து சிரித்தார். அரைமணியில் பித்தளைத் தகடு வந்தது, தெலுங்கிலும் இங்கிலீஷிலும்.

யசோதா கிட்டே போய் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“உம் பேருதான்யா,” என்றாள். “நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருக்கான். நீயே வேணான்னாலும் இனிமே கழலாது.”