பண்டிதர் அறையின் கிழக்குச் சுவர்

மடத்துப் பண்டிதர் அறையின் கிழக்குச் சுவருக்கு மட்டும் கடைசிப் பூச்சு வேண்டாம் என்று எனிக்கோ சொல்லிவிட்ட செய்தியை, யாங்ஸ்கித்தின் காதில் போட்டவள் பக்கத்து வீட்டுத் தோல்கர்தான்.

"உன் வீட்டுக்காரர் விரல் பட்ட சுவராம். கண்ணாடி போட்டு மூடி, பேரும் எழுதி வைக்கப் போறாளாம் அந்த வெள்ளைக்காரி. உன் வீட்டுல அவரு தொப்பிகூட இல்ல. அங்க பாரு, விக்கிரகம் மாதிரி!"

"உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்றாள் யாங்ஸ்கித். ஆனால் சாணக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு மடத்துப் பாதையில் ஏறினாள்.

அவள் கணவர் ஸ்டொப்தன் போன பனிக்காலத்தில் இறந்துபோனார். கணவாய் மூடிக் கிடந்ததால் நெஞ்சு வலிக்காரரை எங்கும் கொண்டுபோக வழியில்லை. முறைப்படி அவர் துணிமணிகளை மடத்துக்குக் கொடுத்தாள். படங்களை எரித்தாள். பெயரை வாயால் சொல்லவில்லை. சொன்னால் போகிற உயிர் திரும்பிப் பார்க்கும். இவள் இப்படி எல்லாவற்றையும் விட்ட பிறகு, இன்னொருத்தி ஒரு முழுச் சுவரை வைத்துக்கொள்வதா?

இருநூறு வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ நடந்து வந்த ஒரு வெளிநாட்டுப் பண்டிதர், அந்த அறையில் கம்பளிக்குள் சுருண்டபடி, லாமாக்களிடம் கேட்டுக் கேட்டுத் திபெத்திய மொழிக்கு அகராதி எழுதினார். இடிந்து கிடந்த அறையைச் செப்பனிட, அவர் ஊர்க்காரியான எனிக்கோ கோடைதோறும் வந்தாள். ஸ்டொப்தன்தான் தலைமைக் கொத்தனார். வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் வாய் திறக்காத மனிதர், அங்கே நாள் முழுக்க அவளுக்குத் தன் மொழியை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் மோர் கொண்டுபோன யாங்ஸ்கித், உள்ளே யாரோ சிரிப்பதைக் கேட்டு வாசலில் நின்றாள். அது தன் புருஷன் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

இப்போது எனிக்கோ சுவர் முன்னால் குந்தியிருந்தாள். லாமாவும் இருந்தார்.

"ஜூலே, அக்கா," என்று வணக்கம் சொல்லி எழுந்தாள். அந்தப் பேச்சில் ஸ்டொப்தனின் இழுவை அப்படியே இருந்தது. அதுவும் இந்த வெள்ளைக்காரியிடம்!

அடிப்பூச்சின் ஈரம் காய்வதற்குள், அடுத்த பூச்சுக்குப் பிடிப்பு வேண்டும் என்று விரலால் கோடு இழுத்து விடுவார்கள். இந்தச் சுவரில் நான்கு கோடுகள் ஆழமாக, ஐந்தாவது லேசாக. ஸ்டொப்தனின் சுண்டுவிரல் மடங்காது. போன வருடம் உறைபனி முந்திக்கொண்டதால் மேல் பூச்சு நின்றுபோயிருந்தது.

"நீதாம்மா சொல்லணும்," என்றார் லாமா. "நீ சரின்னா கண்ணாடி போடலாம்."

"பூசி மூடிடுங்க," என்றாள் யாங்ஸ்கித். "மேல பூசறதுக்குத்தானே அந்தக் கோடு? இப்படியே விட்டா, வேலை பாதியில நிக்குதேன்னு அவரு இங்கேயே சுத்திக்கிட்டிருப்பாரு."

லாமா நெகிழ்ந்துபோனார். "பற்றை விடறதுன்னா இதுதாம்மா," என்று சொல்லி, மண் குழைக்க ஆள் கூப்பிட வெளியே போனார்.

"லாமா சொன்னத நம்பாத," என்றாள் யாங்ஸ்கித் எனிக்கோவிடம். "பற்றும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயித்தெரிச்சல். என் வீட்டுக்காரர் கை உங்கிட்ட இருக்கறது எனக்குப் பொறுக்கல."

"தெரியும்க்கா. நீங்க மோர் கொண்டு வந்தா என் கிண்ணத்துல மட்டும் பாதிதான் இருக்கும்."

யாங்ஸ்கித்துக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சுவர் உங்களோடதுதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள் எனிக்கோ. "கடைசியா என்ன சொன்னாரு?"

மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது ஸ்டொப்தன் மனைவி பெயரைச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கேட்கவில்லை. "பண்டிதர் அறைக் கூரையில பனி ஏறியிருக்கும். தள்ளிவிடச் சொல்லு" என்றார். தகனம் முடிந்த மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அவளே மேலேறி, அழுதுகொண்டே அந்தப் பனியைத் தள்ளினாள்.

இதைச் சொன்னால் இவள் இங்கேயே உட்கார்ந்து அழுவாள். பிறகு அந்த வார்த்தையை மலை தாண்டித் தன் ஊருக்குக் கொண்டுபோய்க் காலமெல்லாம் வைத்துக்கொள்வாள்.

மண் வந்தது. யாங்ஸ்கித் கை நிறைய அள்ளினாள்.

"மறந்துபோச்சு," என்றாள். அந்த ஐந்து கோடுகளின் மேல் அழுத்திப் பூசத் தொடங்கினாள்.