பதினோராம் இலக்கத் தரிப்பிடம்

நாகேஸ்வரியின் உயிர் காலை ஒன்பதரைக்குப் போனது. டொக்டர் வந்து பார்த்தார், கடிதம் எழுதிக் கொடுத்தார், போய்விட்டார். மனுசி கண்ணை மூடினால் ஒரு மனுசனுக்கு முதலில் என்ன வரவேண்டும்? அழுகைதானே? சோமசேகரத்துக்கு வந்தது லிப்டின் உள்ளளவு. அகலம் மூன்றடி, ஆழம் மூன்றடி நாலங்குலம். பெட்டி போகாது. படுத்தபடி ஆளும் போகாது. அளவுநாடா தேவையில்லை, அவருக்கு அது மனப்பாடம். கீறினதே அவர்தான்.

நாற்பது வருசமாக வீட்டுப் படம் கீறின கை அது. நல்லூர்க் கோயிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் ஐந்து மாடி எழுப்ப வேண்டுமென்று சூரிச்சிலிருந்து ஒரு முதலாளி வந்து நின்றபோது, ஊரில் இருந்த எஞ்சினியர்மார் எல்லாம் அவரிடம்தான் கைகாட்டி விட்டார்கள். முதலில் கீறின படத்தில் பதினாறு வீடு. கீழே பதினாறு கார் விட இடம், பக்கத்தில் ஒரு பொது மண்டபம், கட்டிலோடு ஆளை ஏற்றி இறக்கக்கூடிய லிப்ட். ஒரு குறை சொல்ல ஏலாத படம். முதலாளி பார்த்தார், தலையை ஆட்டினார், "இருபது வீடாக்குங்கோ அண்ணை" என்றார்.

இருபது வீடென்றால் இருபது கார். இப்போது யாழ்ப்பாணத்தில் கார் இல்லாத வீடு எது? வீடு வாங்க வருகிறவன் சாமியறைக்கு முதல் பார்க்கிங்கைத்தான் பார்க்கிறான். நிலம் என்ன, இழுத்தால் வருகிற றப்பரா? சோமசேகரம் மண்டபத்தை அழித்தார். லிப்டை நாலு பேர் நிற்கிற அளவுக்குச் சுருக்கினார். படிக்கட்டுத் திருப்பத்தில் ஓரடியைக் கடித்தார். ஒரு பின்னேரத்து வேலை, கணினியில் விரலால் தட்டத் தட்ட எல்லாம் போய்விட்டது. நாலு தரிப்பிடம் கூடிற்று. எஞ்சினியர் கையெழுத்துப் போட்டார். கீறினவனின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை.

அன்றைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த நாகேஸ்வரி திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உதுக்குள்ளை ஆரும் செத்தால் எங்கை வைச்சு எடுக்கிறது?"

"விசர்க் கதை கதையாதை. வீடு கீறேக்கை வாயிலை வாற கதையைப் பார்!"

அவர் மட்டுமா? வீடு வாங்க வந்த சனம் ஐயரைக் கூட்டிவந்து வாசல் எந்தத் திசை என்று பார்த்தார்கள். குசினி எங்கே, தண்ணித் தாங்கி எங்கே, பிள்ளை படிக்கிற மேசைக்கு வெளிச்சம் எங்காலே வரும், எல்லாம் கேட்டார்கள். இருபது குடும்பத்தில் ஒரு சனமாவது அந்த ஒன்றைக் கேட்கவில்லை. புது வீட்டுக் கதையில் சாவின் பெயரை எடுக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டினது. எடுக்காவிட்டால் வராது என்று நினைப்பு.

பிள்ளைகுட்டி இல்லாத சோடி. நாகேஸ்வரிக்கு முழங்கால் ஏலாமல் போனபின் இருவரும் அங்கேயே நாலாம் மாடியில் குடிவந்தார்கள். மூன்று வருசம் ஓடிற்று. வீட்டுக்காரர் சங்கக் கூட்டம் வைத்தால் பார்க்கிங் சண்டைதான். ஒருவன் மற்றவனின் காரைச் சுரண்டிப்போட்டான், தூணிலே கதவு இடிக்கிறது, திருப்ப இடமில்லை. கடைசியில் எல்லாரும் ஒரு முகமாக, "உதைக் கீறினவனைக் கொண்டுவந்து தூணிலை கட்டவேணும்" என்பார்கள். சோமசேகரம் பின் வரிசைக் கதிரையில் இருந்து கொட்டாவி விடுவார். அவருக்கு வெட்கம் கெட்டும் நாளாயிற்று. களைப்புத்தான் மிச்சம்.

போன மாதம் நாகேஸ்வரி கட்டிலில் கிடந்தபடி அவருடைய கையைப் பிடித்துச் சொன்னாள்.

"நான் கண்ணை மூடினால் என்னை மலர்ச்சாலையிலை கொண்டுபோய் வைச்சு, அங்கையிருந்து அனுப்பிப்போடாதையுங்கோ. முன்னைப் பின்னை தெரியாத இடம். வீட்டிலையிருந்து அனுப்புங்கோ."

"ஓம்" என்றார்.

ஓம் என்று சொல்ல என்ன, வாய்தானே.

பத்தரை மணிக்கு நாகேஸ்வரியின் தமையன் மகன் நிருஷன் கரவெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். வாசலில் நின்று வாய்விட்டு அழுதான், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். ஐயருக்குச் சொன்னான். பெட்டி கொண்டுவருகிற ஆட்களுக்குச் சொன்னான். நல்லூர்த் திருவிழாக் கொடியேறி ஏழாம் நாள், கோயிலைச் சுற்றி எல்லா ஒழுங்கைக்கும் தடை போட்டிருந்தது. பொலிசிலே கதைத்துப் பிரேத வண்டிக்கு வழி கேட்டு வாங்கினான்.

"கிரியையை எங்கை மாமா செய்யிறது? மேலை வீட்டுக்குள்ளையோ?"

"ஹோலுக்குள்ளை ஐயரும் பெட்டியும்தான் கொள்ளும். சனம் எங்கை நிக்கிறது? பெட்டி மேலை வரவும் மாட்டுது. கீழைதான். பார்க்கிங்கிலை."

அந்த நேரம் பார்த்துக் கதவடியில் சங்கச் செயலாளர் சுபாஸ்கரன் வந்து நின்றார். இரண்டாம் மாடிக்காரர், வங்கியில் பெரிய வேலை, தன்மையான மனுசன். தன்மையான மனுசரோடுதான் கதைத்து வெல்ல ஏலாது. வாசற்படியைத் தாண்டாமல் நின்று, துக்கம் விசாரித்து, தலையைக் குனிந்து, பிறகு மெல்லத் தொடங்கினார்.

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது. கொடியேறின நாள். பாதிச் சனம் விரதம். ஒரே கூரைக்குள்ளை பிரேதம் கிடக்க எப்பிடிக் கோயிலுக்குப் போறதெண்டு கேக்குதுகள். என்ரை வீட்டிலை நான் இன்னும் சொல்லேல்லை. வசந்தினி இருபத்தைஞ்சு நாளும் ஒருநேரச் சாப்பாடு. அறிஞ்சாவெண்டால் இண்டைக்குப் பூசைக்குப் போகமாட்டா."

"விளங்குது தம்பி."

"மலர்ச்சாலை கிட்டத்தானே. குளிர்சாதனம் இருக்கு. வாறவைக்கும் இருக்க வசதி."

"அவ வேண்டாமெண்டு சொன்னவ."

சுபாஸ்கரன் பெருமூச்சு விட்டார். "கீழை எல்லாற்றை காரும் நிக்குது அண்ணை. ஒண்டை எடுத்தாலும் விடுறதுக்கு வெளியிலை இடமில்லை. ஒழுங்கை முழுக்க அடியாரின்ரை மோட்டார் சைக்கிள். நான் என்ன செய்ய? உதைக் கீறின மடையன் ஒரு மண்டபத்துக்கு இடம் விட்டிருந்தால் உந்தப் பிரச்சினையே இல்லை."

நிருஷன் மாமாவைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். சோமசேகரம் சுவரைப் பார்த்தார்.

"பதினொண்டாம் இலக்கம் என்ரை இடம்" என்றார் கடைசியில். "எனக்குக் கார் இல்லை. அது வெறுமையாக் கிடக்கு. அதிலை வைச்சுச் செய்யிறன்."

"அண்ணை, அது எந்தளவு இடம்?"

"எட்டடிக்குப் பதினாறடி. தலை தெற்கை இருக்கவேணும், ஆனபடியால் பெட்டியைக் குறுக்காலை வைக்கவேணும். பெட்டி ஆறரையடி. மிச்சம் ஒண்டரையடி. தலைமாட்டிலை பன்னிரண்டாம் இலக்கக் கார், கால்மாட்டிலை பத்தாம் இலக்கக் கார். ரெண்டு பக்கமும் ஒம்பதங்குலம்."

"ஒம்பதங்குலத்துக்குள்ளாலை ஆர் பெட்டியைச் சுத்தி வந்து வாய்க்கரிசி போடுறது?"

பத்தாம் இலக்கம் சுபாஸ்கரனுடையது. அதை எடுத்துவிட்டால் போதும், பெண்டுகள் சுற்றி இருக்கலாம், ஐயர் கும்பம் வைக்கலாம். இது இருவருக்கும் தெரியும். சோமசேகரம் கேட்டுப் பார்த்தார், ஒரே ஒரு தரம். சுபாஸ்கரன் கையைப் பிசைந்தார். தான் எடுத்தால் தன்னைப் பார்த்து மற்றவையும் வந்து சண்டை பிடிப்பினம், செயலாளர் என்றால் எல்லாருக்கும் பொது, றோட்டில் விட்டால் பொலிஸ் இழுத்துக்கொண்டு போகும். இப்படி நாலு சொல்லிவிட்டு, "யோசியுங்கோ அண்ணை" என்று படியிறங்கினார். இரண்டாம் தரம் கேட்க சோமசேகரத்துக்குச் சீவன் இல்லை. செத்த வீட்டுக்காரன் கதவு கதவாகத் தட்டி இடம் கேட்கிற வழக்கம் எங்கேயாவது உண்டா? அறிந்த சனம் தானாக வரவேண்டும். இங்கே பத்தொன்பது கதவும் பூட்டிக் கிடந்தது.

பெட்டிக்காரர் வந்து படிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். பாயில் சுற்றித் தூக்கலாம், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆளை நிமிர்த்திச் சரிக்க வேண்டிவரும், சுவரில் முட்டும் என்றார்கள். கீழே போக எட்டுத் திருப்பம். சோமசேகரம் அந்த எட்டையும் மனசுக்குள்ளே இறங்கிப் பார்த்தார். எட்டு இடத்திலும் நாகேஸ்வரியின் தலை இடித்தது.

"வேண்டாம். கதிரையிலை இருத்தி லிப்டிலை கொண்டுபோவம். உடம்பு விறைக்கிறதுக்கு முதல்."

"மாமா..."

"வேறை வழியில்லையடா. சாப்பாட்டுக் கதிரையைக் கொண்டா."

நிருஷனும் அவருமாகத் தூக்கி இருத்தினார்கள். இடுப்பிலே ஒரு வேட்டியைச் சுற்றிக் கதிரையோடு கட்டினார்கள். சேலைத் தலைப்பால் தலையை மூடிவிட்டார்கள். லிப்டுக்குள்ளே கதிரையை வைத்தால் இன்னும் ஒரு ஆள் நிற்கலாம், அதுவும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு. நிருஷன் படியால் கீழே ஓடினான். சோமசேகரம் கதிரைக்கு முன்னால் ஒடுங்கி நின்று மனுசியின் தலையைத் தன்னுடைய வயிற்றோடு சாய்த்துப் பிடித்தார். கலியாணம் கட்டி நாற்பத்திரண்டு வருசத்தில் இப்படி நெருங்கி நின்றது குறைவு. கதவு மூடியது.

மூன்று கடந்தது. இரண்டில் நின்றது.

கதவு திறக்க, எதிரே வசந்தினி. சுபாஸ்கரனின் மனுசி. தோய்ந்து ஈரத் தலைமயிரை முடிந்து, கையில் அருச்சனைத் தட்டத்தோடு மத்தியானப் பூசைக்கு வெளிக்கிட்டு நின்றாள்.

"ஐயோ, நாகேஸ்வரியக்கா! என்னண்ணை, திரும்பவும் ஏலாமல் போட்டுதோ? ஆசுப்பத்திரிக்கே?"

சோமசேகரம் ஓம் என்று சொல்லியிருக்கலாம். கதவு தானாக மூடியிருக்கும், அவளும் பூசைக்குப் போயிருப்பாள், ஒருவருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. கதிரையின் கைப்பிடியிலிருந்து நாகேஸ்வரியின் கை வழுகிக் கீழே தொங்கியது. வசந்தினி சட்டென்று குனிந்து அதை எடுத்து மடியில் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. அக்காவின் கை குளிர்ந்து கிடந்தது. பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப அண்ணை?"

"காலமை. ஒம்பதரைக்கு."

"இவருக்குத் தெரியுமோ?"

அவர் கண்ணைத் தாழ்த்தினார். அதுவே போதும், அவளுக்கு விளங்கிவிட்டது. கதவு மூட வந்தது. வசந்தினி காலைக் குறுக்கே வைத்தாள். கதவு காலில் முட்டித் திரும்பியது.

"ஏன் அண்ணை மனுசியைக் கதிரையிலை இருத்திக் கொண்டுபோறியள்? கிடத்திக் கொண்டுபோகக் கூடாதோ?"

"கிடத்த இடமில்லைப் பிள்ளை" என்றார் சோமசேகரம். "இந்தக் கட்டடத்திலை ஆளைக் கிடத்தி இறக்க இடமில்லை. கீறினது நான்தான். அவ அண்டைக்கே கேட்டவ. நான்தான் இடம் விடேல்லை."

சொல்லி முடிய அவருக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. குனிந்து அழ இடமில்லை, கண்ணைத் துடைக்கக் கையில்லை. இரண்டு கையாலும் மனுசியின் தலையைப் பிடித்தபடி, நின்ற நிலையில் குலுங்கிக் குலுங்கி அழுதார். கதவு மூட வருவதும் வசந்தினியின் காலில் முட்டித் திரும்புவதுமாக இருந்தது.

வசந்தினி அருச்சனைத் தட்டத்தை நிலத்தில் வைத்தாள். மாடிப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி, ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! கார்த் திறப்பைக் கொண்டு வாங்கோ!"

உள்ளேயிருந்து சுபாஸ்கரன் ஓடிவந்தார். லிப்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னப்பா, நீர் கோயிலுக்கெல்லே..."

"செத்த மனுசியின்ரை கையைத் தொட்டிட்டன், இனி என்ன கோயில்? திறப்பைத் தாங்கோ. பத்திலை நிக்கிற காரை எடுக்கவேணும்."

"எடுத்து எங்கை விடுறது?"

"நடு றோட்டிலை விடுறன். பொலிஸ் வரட்டும், நான் கதைக்கிறன். நீங்கள் போய் மிச்சக் கதவுகளைத் தட்டுங்கோ. அக்கா வீட்டிலையிருந்து போறாவெண்டு சொல்லுங்கோ."