ஒரே எண் இரண்டு இடத்தில்

நீச்சல் குளத்தில் அவளை எல்லாரும் விசில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். குளத்துக்கு வெளியே அது சுருங்கி வெறும் விசில் ஆகிவிட்டது. அவள் கணவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒரே ஒரு காற்புள்ளிக்காக மேலதிகாரியோடு மூன்று நாள் மல்லுக்கட்டியதில் அவனுக்குக் கமா என்று பெயர் விழுந்தது. அந்த மல்லுக்கட்டும் வாயால் நடந்ததில்லை. தாளின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி எழுதியே சாதித்தான். நேருக்கு நேர் ஒருவரிடம் "இது தப்பு" என்று சொல்ல வேண்டுமானால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முடிவெட்டுபவர் காதோரம் கோணலாக வெட்டிவிட்டால்கூட நன்றி சொல்லிவிட்டு வருகிற ஆள்.

விசிலுக்கு ஏழாவது மாதம் முடிந்ததும் மருத்துவமனையின் மூத்த நர்ஸ் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். அவர் எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அங்கே வருகிற கர்ப்பிணிகள் எல்லாருக்கும் அவர் மெதுவா சிஸ்டர். தினமும் ஒரே நேரத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக் குழந்தையின் அசைவை எண்ண வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்துவிட்டால் எழுந்து உன் வேலையைப் பார்க்கலாம், வராவிட்டால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்றார்.

எண்ணுகிற வேலை என்றதும் விசிலுக்குக் கொண்டாட்டம். நீச்சல் வகுப்பு வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுப்பாள், ஸ்டாப்வாட்ச் ஓடும், ஓர் உதைக்கு ஒரு கோடு. நேற்று இருபத்திரண்டு நிமிடம், இன்று பதினெட்டு, பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினாள். கமா அந்தப் பதிவேட்டை வரிவரியாகப் படித்து, குழந்தைக்கு வரும் விக்கலை அசைவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சிவப்பில் ஒரு குறிப்பு எழுதி வைத்தான். அன்று சாயங்காலம் வரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கமாவின் அக்காவோ தினமும் தொலைபேசியில் எண்ணிக்கையைக் கேட்பார். பத்து வந்துவிட்டது என்றால், ஏன் பன்னிரண்டு வராதா என்பார். நாத்தனார் அல்லவா.

ஒன்பதாவது மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் கோடு நான்கோடு நின்றுவிட்டது. விசில் தண்ணீர் குடித்தாள். பக்கம் மாறிப் படுத்தாள். வயிற்றைத் தடவி, குளத்தில் சோம்பேறிகளை அதட்டுவதுபோல் அதட்டியும் பார்த்தாள். ஐந்தாவது கோடு வரவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்த கமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு காலில் அவளுடைய செருப்பும் மறு காலில் தன்னுடையதுமாக வண்டியில் ஏறினான்.

மெதுவா சிஸ்டர் அவளைப் படுக்க வைத்து வயிற்றில் பட்டை கட்டி, வட்டமான ஒரு கருவியைப் பொருத்தினார். உடனே அறை முழுவதும் சத்தம், துணி துவைக்கும் இயந்திரம் வேகம் பிடிக்கிற மாதிரி. இதயத்துடிப்பு நன்றாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து உள்ளே தூக்கம் கலைந்தது போலும். விட்ட உதையில் அந்த வட்டக் கருவியே ஓர் அங்குலம் நகர்ந்தது. விசிலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சும்மா வந்து உங்கள் நேரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள்.

"சும்மா வந்து சும்மா போனா எனக்குச் சந்தோஷம்தாம்மா," என்றார் சிஸ்டர். "நூறு தடவை வா. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வீட்டிலயே படுத்திருந்தாதான் எனக்கு வயித்தைக் கலக்கும்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் குழந்தை ஒழுங்காகப் பத்தைத் தாண்டியது. ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது விசிலுக்கு வலி எடுத்தது. பத்து மணிக்கெல்லாம் பிரசவ அறையில் இருந்தார்கள்.

இந்தத் தடவை இரண்டு பட்டைகள். மேலே உள்ளது வலியைப் பார்க்க, கீழே உள்ளது குழந்தையின் துடிப்பைப் பார்க்க. விரல் நுனியில் ஒரு கவ்வி, அது தாயின் நாடித்துடிப்பைக் காட்ட. எல்லாம் ஒரே திரையில் வந்தது: மேல் எண் குழந்தைக்கு, கீழ் எண் தாய்க்கு. குழந்தைக்கு நூற்று நாற்பதை ஒட்டி ஓடியது. தாய்க்கு ஐம்பத்தாறு. சிஸ்டர் நம்பாமல் மணிக்கட்டைப் பிடித்துத் தானே எண்ணிப் பார்த்தார். பல வருடம் நீந்தின உடம்பு என்று கமா விளக்கியதும், நான் எழுபதுக்குக் கீழே இறங்கினதே இல்லை என்று அலுத்துக்கொண்டார்.

கமாவுக்குச் செய்ய வேலை ஏதும் இல்லை. தண்ணீர் கொடுத்தான், இடுப்பைப் பிடித்துவிட்டான், மற்ற நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தான். கை கழுவும் முறை என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் இரண்டு எழுத்துப்பிழை. அதற்கு மேல் படிக்க ஒன்றும் இல்லாததால் திரையைப் படிக்க ஆரம்பித்தான். வலி ஏறினால் கீழ் எண் எழுபது, எண்பது என்று ஏறியது. மேல் எண் தன் போக்கில் ஓடியது. ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இல்லை.

மூன்று மணிக்கு முக்கச் சொன்னார்கள். விசில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு புரண்டு புரண்டு முக்கினாள். அடுத்த அறையிலிருந்து வேகமாக வந்த இளம் டாக்டர் திரையைப் பார்த்துத் துடிப்பு நன்றாக இருக்கிறது, அப்படியே தொடருங்கள் என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் போய்விட்டார். சிஸ்டர் திரைக்கு முதுகு காட்டி நின்று விசிலுக்கு மூச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கமா கவனித்தான். மேலே 124. கீழே 124.

தற்செயல் என்று நினைத்தான். அடுத்த வலியில் இரண்டும் 131 ஆயின. வலி அடங்கியதும் இரண்டும் கைகோத்துக்கொண்டு 117க்கு இறங்கின. அச்சுத் தாளில் ஒரே வரி இரண்டு தடவை வந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். அங்கே வர வேண்டிய வேறொரு வரி காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இது அச்சகம் இல்லையே. டாக்டரே பார்த்துவிட்டுப் போன திரை. படித்தவர்களுக்கு நடுவில் நாம் மூக்கை நுழைக்கலாமா, கடைசி நேரத்தில் இப்படித்தான் வருமோ என்னவோ. மேலே 126. கீழே 126. பேசாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"சிஸ்டர், ரெண்டு இடத்திலயும் ஒரே எண் வருது. ஒண்ணு தப்பு."

அவன் நினைத்ததைவிடப் பெரிதாகவே சத்தம் வந்துவிட்டது. மெதுவா சிஸ்டர் சட்டென்று திரும்பினார். ஒரு கை விசிலின் மணிக்கட்டுக்குப் போனது. கண் மேல் எண்ணில் நின்றது. நாலைந்து துடிப்புக்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை.

"மேலே காட்டறதும் உன்னோட துடிப்பும்மா. புரண்டதில பட்டை நழுவிடுச்சு. குழந்தையோடதைத் தேடறேன், நீ அசையாம இரு."

வட்டக் கருவியை எடுத்து, துடிப்பு தெளிவாகக் கேட்பதற்காகப் பூசுகிற குழைவான பசையை மறுபடி தடவி, அடிவயிற்றில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கரகரப்பு. பிறகு துடிப்பு கேட்டது. ஆனால் அது பழைய சத்தம் இல்லை. ஓடிக் களைத்தவர் மாடிப்படி ஏறுவது மாதிரி இருந்தது. மேலே 84. ஏறும் ஏறும் என்று மூன்று பேரும் பார்த்தார்கள். ஏறவில்லை. சிஸ்டர் சுவரில் இருந்த மணியை அழுத்தினார். விசிலை இடப்பக்கமாகத் திருப்பினார். 96 வரை வந்து மறுபடி விழுந்தது.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். குழந்தை களைத்துவிட்டது, தலை நன்றாக இறங்கியிருக்கிறது, தலையில் கிண்ணம் போன்ற ஒரு கருவியைப் பொருத்தி நான் இழுக்கிறேன், வலி வரும்போது நீங்கள் முக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார்.

விசில் கேட்டது ஒன்றுதான். "எத்தனை தடவை?"

"ரெண்டு. மிஞ்சிப் போனா மூணு."

எண்ணிக்கை தெரிந்ததும் அவள் முகம் மாறியது. முதல் தடவை முக்கியதில் கட்டிலே கிறீச்சிட்டது. இரண்டாவதில் தலை வெளியே வந்தது. கழுத்தில் ஒரு சுற்றுத் தொப்புள்கொடி. சிஸ்டர் அதை ஒரு விரலால் நெம்பித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டார். பெண் குழந்தை. நீலம் பாரித்து, துவண்டு, சத்தமில்லாமல்.

வெதுவெதுப்பான மேசையில் கிடத்தித் துண்டால் முதுகைத் தேய்த்தார்கள். கமாவுக்குப் படிக்க ஓர் எழுத்தும் இல்லாத நேரம் அது. விசிலின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்தது அவனா அவளா என்று சொல்ல முடியாது. முதலில் ஒரு தும்மல். அதற்குப் பிறகு அழுகை, யாரோ தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டதைப்போல அப்படி ஒரு கோபமான அழுகை. கமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிஸ்டர் நேரம், எண், பட்டை நழுவியது, அதைச் சொன்னது யார் என்பது வரை ஒன்று விடாமல் குறிப்பேட்டில் எழுதினார். டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து கமாவின் பக்கத்தில் குந்தினார். அவசரத்தில் எண்ணைப் பார்த்தேன், அது யாருடையது என்று பார்க்காமல் போய்விட்டேன், நல்ல வேளை சொன்னீர்கள் என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்த கமா, அது பரவாயில்லாத விஷயம் என்று தோன்றவே தலையை மட்டும் ஆட்டினான்.

சாயங்காலம் வார்டில் விசில் நான்கு துண்டு ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதற்குக் கை நீட்டினாள்.

"நீயா பேசினேன்னு எனக்கு இன்னும் நம்ப முடியல," என்றாள்.

"ரொம்பக் கத்திட்டேனா?"

"இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்."

சொல்லிவிட்டு அவனுடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நாத்தனார் பூட்டிய கதவைத் தள்ளித் திறக்கிற வேகத்தில் வந்து சேர்ந்தார். குழந்தையின் உச்சந்தலை ஏன் இப்படிப் புடைத்திருக்கிறது என்று கேட்டார். கருவி பட்ட வீக்கம், இரண்டு நாளில் வடிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதைக் கமா சொன்னான். அவர் சமாதானமாகி, மூக்கு தங்கள் குடும்பத்தது, காது யாருடையது என்று தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கேன்டீன் எங்கே என்று தேடப் போனார்.

விசில் பாதிப் பேச்சில் தூங்கிப்போனாள். குழந்தை கமாவின் இடது கையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போனது. மாற்றிப் பிடித்தால் விழித்துக்கொள்ளுமோ என்று பயந்து, அக்கா திரும்பி வரும்வரை அவன் தோளைக்கூட அசைக்கவில்லை.